எந்தக் கையால் தைக்கிறாள்?

3 பிப்ரவரி 1994

அக்கா,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது எனக்கு வயிறு எரிகிறது. யாரிடமாவது கொட்டியாக வேண்டும், அதனால் உன்னிடம் கொட்டுகிறேன்.

நேற்று அந்த ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டேன். இரண்டு வருஷமாகச் சோறு தண்ணி மறந்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேனே, அந்தத் 'தைக்கிற பெண்'. ரயில், பஸ், அப்புறம் ஒரு மேட்டில் நடை. மியூசியம் என்று பேர்தான் பெரிசு, பார்த்தால் பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. ஓவியம் சுவரில்கூட இல்லை. கிடங்கில் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, துணி போர்த்தி வைத்திருந்தார்கள். காப்பாளர் சாவிக்கொத்தோடு வந்து திறந்தார். "நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து இதைக் கேட்டு யாரும் வந்ததில்லம்மா. நீங்கதான் மொத ஆளு," என்றார். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

துணியை விலக்கினார். வர்ணமெல்லாம் புத்தகத்தில் பார்த்ததைவிட அழகு. ஜன்னல், நாற்காலி, மடியிலிருந்து தரைவரை வழிகிற துணி, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு தடுமாற்றம். நான் தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பதைப் பார்த்துக் காப்பாளர், "கழுத்து சுளுக்கிக்கிச்சாம்மா?" என்று கேட்டார்.

சட்டென்று ஒன்று தோன்றியது. கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்தேன். ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் பார்த்தேன். அதோ, எனக்குத் தெரிந்த 'தைக்கிற பெண்'!

புரிகிறதா அக்கா? புத்தகங்களில் நாங்கள் பார்க்கிற படம் இடம் வலம் மாறிய படம். நிஜத்தில் அவள் பாதி முதுகை நமக்குக் காட்டி, வலப்பக்கத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வலது கையால் தைக்கிறாள். உன்னைப் போல, என்னைப் போல, ஊரில் முக்கால்வாசிப் பேரைப் போல.

எங்கள் மேடம் எழுதிய புத்தகத்துக்குப் பேர் என்ன தெரியுமா? 'இடக்கை'. அந்தப் படத்தை வரைந்த ஓவியை, தான் வரைந்த பெண்ணின் இடது கையில் ஊசியைக் கொடுத்து உலகத்தையே எதிர்த்தாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மேடத்துக்குப் பதவி வந்தது, பரிசு வந்தது, எங்கே போனாலும் மாலை வந்தது, எல்லாம் அந்த இடது கையால்தான். ஓவியைக்கு எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடுகிற வழக்கம் இல்லை. போட்டிருந்தால் எழுத்து திரும்பியிருப்பதைப் பார்த்து ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

படம் மாறியதற்காக நான் இவ்வளவு கொதிக்கவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில், "ஒரு மாலைப் பொழுது முழுவதும் அவள் முன் நின்றேன்" என்று மேடம் எழுதியிருக்கிறார். எங்கே நின்றார்? எந்த மாலை? வகுப்பில் முதல் நாளே எங்களை, "நேர்ல பாக்காத ஓவியத்தைப் பாத்தேன்னு எவளாவது எழுதினா, இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது," என்று மிரட்டியவர் இவர். நானும் புகைப்படத்தை வைத்துத்தான் எழுதினேன். ஆனால் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் மூச்சு விடாதே. "படம் பாக்கறதுக்கு ஒரு பட்டமா? என் கடைக்கு வந்தா மூக்குக்கண்ணாடி மாட்டிச் சும்மாவே பாக்க வெப்பேனே" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

உன் தங்கை


10 பிப்ரவரி 1994

அன்பு வாலு,

இதற்கா இந்த ஆர்ப்பாட்டம்? உன் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்து, பர்ஸைத் தொலைத்துவிட்டாயோ, எவனாவது ஏதாவது சொன்னானோ என்று பயந்தே போனேன். உன் அத்தானோ, "படம் திரும்பியிருந்துச்சாம், அவ்ளோதானே?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்படாமல் படி. அச்சகத்தில் பக்கம் ஒட்டுகிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருக்கிற ஆள் எப்போதும் பக்கத்துக்குள்தான் பார்க்க வேண்டும். வலப்பக்கத்தில் ஒருவர் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால், வாசகனின் கண்ணும் அவரோடு புத்தகத்தை விட்டு வெளியே போய்விடும். அதனால் பிலிமைப் புரட்டி ஒட்டிவிடுவோம். மந்திரியானாலும் மணப்பெண்ணானாலும் எங்கள் மேசைக்கு வந்தால் உள்ளேதான் பார்த்தாக வேண்டும். போன மாதம் ஒரு டாக்டரைப் புரட்டினேன், அவர் கைக்கடிகாரம் வலது கைக்குப் போய்விட்டது. அவரே வந்து படத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லா வந்திருக்கேன்" என்றார்.

உன் மேடம் ஆதாரமாக வைத்துக்கொண்ட பழைய ஓவியக் கேட்லாக் இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதில் தைக்கிற பெண் வலப்பக்கத்தில் இருக்கிறாள். அப்படியே விட்டிருந்தால் வெளியே பார்த்திருப்பாள். அதனால் என்னைப் போல ஒருத்தனோ ஒருத்தியோ புரட்டியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் புரட்டுவது புத்தகம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. அதை நம்பி ஒரு கொள்கையையே கட்டி எழுப்புவார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்க்காமல் எழுதியது உங்கள் ஆட்கள் குற்றம், எங்கள் தலையில் போடாதே.

கேட்லாக் இங்கே எப்படி வந்தது என்றால், 'இடக்கை' இரண்டாம் பதிப்பு எங்கள் அச்சகத்தில்தான் வருகிறது. அட்டையில் முழு ஓவியமும் பெரிதாக. பக்கம் ஒட்டுவது நான்தான். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவு பெரிய ஆளுடைய வேலை இதுவரை எங்களுக்கு வந்ததில்லை.

அதனால் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு இரு. உன் ஆய்வேட்டில் மேடத்தின் கையெழுத்து விழட்டும். துறையில் காலியாகிற அந்த விரிவுரையாளர் இடம் உனக்குக் கிடைக்கட்டும். உன் படிப்புக்கு வேறு எங்கே வேலை இருக்கிறது, நீயே சொன்னதுதானே? அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வலது கை என்ன, வலது கால் என்றுகூட எழுது.

அக்கா


16 பிப்ரவரி 1994

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். முன்பே வந்து படித்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. "பக்கம் அழகாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். ஒரு மனுஷியின் கையை மாற்றி வைத்துவிட்டு, அழகாக இருக்கிறதாம்! நாளைக்கு என் மூக்கு பக்கத்துக்கு இடைஞ்சல் என்றால் அதையும் வெட்டிவிடுவாயா? உன் மேசையில் நடப்பது சின்ன விஷயம் என்று நீ நினைக்கிறாய். அந்தச் சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு எங்களை மாதிரி எத்தனை பேர் ராத்திரி பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதினோம் தெரியுமா?

மேடத்தின் அறைக்குப் போனேன். தேநீர் வரவழைத்தார், பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் புரொஜெக்டரில் அந்த ஓவியத்தின் ஸ்லைடைப் போட்டேன். பிறகு அதை எடுத்து, திருப்பிச் சொருகினேன். சுவரில் அவள் வலது கையால் தைத்தாள். "மேடம், மியூசியத்துல இருக்கறது இதுதான். நான் நேர்ல பாத்துட்டு வந்தேன்," என்றேன்.

அவர் அதிர்ந்துபோவார், வருத்தப்படுவார், ஒருவேளை அழக்கூடச் செய்வார் என்று நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவரோ பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "ஓவியம்ங்கறது ஒரு கருத்தும்மா. கை எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்றார். புத்தகத்தின் பேரே 'இடக்கை', அக்கா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு என்று நினைக்கிறேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது.

"நீங்க அது முன்னாடி நின்னேன்னு எழுதியிருக்கீங்களே மேடம்," என்று கேட்டேன்.

"மனசால நின்னேன்."

"அப்போ எங்களையும் மனசால போய்ப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கலாமே."

அவர் எழுந்து போய் புரொஜெக்டரை அணைத்தார். "இதை ஆய்வேட்டுல எழுதினா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வேலைக்கு உன் பேரைச் சொல்லவும் மாட்டேன். நல்லா யோசி. நீ ரொம்பச் சூட்டிகை, வாழ்க்கையக் கெடுத்துக்காத," என்றார். கடைசி வரியைத் தாயைப் போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னால் ஒன்று செய்ய முடியும். அந்தப் புத்தகத்தை நிறுத்து. முதலாளியிடம் படம் தவறு என்று சொல். இல்லை, பிலிமைத் தொலைத்துவிடு. ஏதாவது செய். பொய் உன் மேசைமேல் கிடக்கிறது, நீ அதைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருக்கிறாய்.

உன் தங்கை


25 பிப்ரவரி 1994

வாலு,

நீ யாருக்கு உத்தரவு போடுகிறாய்? நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன், அச்சகம் என்னுடையது இல்லை. "பிலிமைத் தொலைத்துவிடு" என்று எழுத உனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தொலைத்தால் என் சீட்டு கிழிந்துவிடும். கோபம் உன்னுடையது, வேலை என்னுடையதா? நல்ல நியாயம்.

நீ இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் உனக்காக வாய் கிழியப் பேசியது யார்? அப்பா உன்னை இரண்டு நாள் கடையில் உட்கார வைத்து, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகையைப் பிடிக்கச் சொன்னாரே, அப்போது அவரிடம் சண்டை போட்டு உன்னை ரயில் ஏற்றியது யார்? அதற்குப் பரிசு, நான் பொய்யைப் பசை தடவி ஒட்டுகிறேனாம். நன்றாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் மேடம் அட்டையைப் பார்க்க இங்கே வந்தார். என்ன கம்பீரம், என்ன புடவை! முதலாளி விசிறாத குறைதான். நான் கண்ணாடி மேசையில் விளக்கைப் போட்டு அட்டைப் பிலிமை வைத்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. தன் பேர் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று மட்டும் விரலால் அளந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடலாமே," என்றார்.

நான் உன் அக்கா என்று சொன்னதும் என் தோளைத் தட்டி, "உங்க தங்கச்சி என் மாணவிதான். ரொம்பக் கெட்டிக்காரி. இந்தப் பதிப்புக்கு முன்னுரையே அவளத்தான் எழுதச் சொல்லியிருக்கேன்," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நான் அப்போது சந்தோஷப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன். உன் பேர் புத்தகத்தில் வரும். அதை அப்பா கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, கண் பரிசோதிக்க வருகிறவர்களை எல்லாம் படிக்க வைப்பார். எழுது. ஆனால் கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. வர்ணத்தைப் பற்றி எழுது, ஜன்னலைப் பற்றி எழுது, மேடத்தின் உழைப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை போடு. பொய்யும் சொன்னதாகாது, வேலையும் போகாது. எல்லோரும் இப்படித்தான் பிழைக்கிறோம்.

அக்கா


14 மார்ச் 1994

அக்கா,

முன்னுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடம் அதை நேராக அச்சகத்துக்கே அனுப்புகிறேன் என்றார். நீ அதை உட்கார்ந்து படிக்காதே, ஒட்டிவிடு, போதும்.

நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏதோ வரனாம், பையன் வீட்டில் "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். "டீச்சராகப் போறான்னு சொல்லி வெச்சிருக்கேன், அதையாவது நிஜமாக்கு" என்று எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் போன வருஷம் முடித்தவர்களில் ஒருத்தி துணிக்கடையில் பில் போடுகிறாள். இன்னொருத்தி ஒரு ஹோட்டலுக்கு, எந்தச் சுவரில் எந்தப் படம் மாட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைத்தான் நாங்கள் அதிர்ஷ்டக்காரி என்கிறோம்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீ சொன்னபடிதான் செய்தேன். அதனால் நீ ஒன்றும் கேட்கக் கூடாது.

உன் தங்கை


21 மார்ச் 1994

தங்கைக்கு,

நான் சொன்னபடி செய்தாயா? நான் எப்போது இதைச் சொன்னேன்?

படிக்காதே என்றால் படிக்காமல் இருக்க நான் என்ன, உன் மேடமா? அச்சுக் கோர்த்து வந்த காகிதத்தை ஒட்டும்போது கண்ணில் பட்டது. பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். "அந்த ஓவியத்தின் முன் நான் நின்றேன். அந்த இடக்கையை என் கண்களால் கண்டேன்." கீழே உன் பேர். அச்சு எழுத்தில், அழகாக, ஓரம் பிசகாமல்.

கையைப் பற்றி எழுதாதே என்றேன். நீ அதை மட்டும்தான் எழுதியிருக்கிறாய். மேடத்துக்கு வேண்டியதும் அதுதான் என்று உனக்குப் புரியவில்லையா? வர்ணமும் ஜன்னலும் எழுத அவருக்கு ஆள் இல்லையா? அந்தப் படத்தை நேரில் பார்த்தவள் நீ ஒருத்திதான். உன்னிடமிருந்து அவர் சாட்சியை எழுதி வாங்கிக்கொண்டார். இனி வேறு யாராவது போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னால், முதலில் உன் முகத்தில்தான் கரியைப் பூசுவார்கள். மேடம், "என் மாணவி பாத்துட்டு வந்து சொன்னா, நான் நம்பினேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். படித்தவளாம், சூட்டிகையாம்! உன்னை மாதிரி ஏமாளியை நான் பார்த்ததில்லை.

அவர் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினார் என்று நீ என்னிடம் குதித்தாய். நீ பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதுகிறாய். எது அதிகக் கேவலம் என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்க வேண்டாம்.

நான் ஒன்று செய்துவிட்டேன். அட்டையிலும் உள்ளேயும் அந்தப் படத்தின் பிலிம்களைப் புரட்டி ஒட்டிவிட்டேன். புரட்டினால் பிலிமில் மருந்து பூசிய பக்கம் மேலே வந்துவிடும், கோடுகள் ஒரு நூல் மங்கும். பிளேட் போடுகிறவர் கவனித்துவிட்டு, "என்னம்மா, மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று கேட்டார். "படம் அப்படித்தான் அண்ணே," என்றேன். இப்போது அவள் வலது கையால் தைக்கிறாள். பக்கத்தை விட்டு வெளியே பார்க்கிறாள், பார்க்கட்டும். மேடம் கடைசிப் பார்வைக்கு இனி வர மாட்டார். பேரைப் பெரிதாக்கியாயிற்று, அவருக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை அச்சு இயந்திரத்தில் பிளேட் ஏறும். அதற்குள் "எடுத்துவிடு" என்று ஒரு தந்தி கொடு, உன் முன்னுரையை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுகிறேன். கேட்டால் காகிதம் வந்து சேரவில்லை என்பேன். தந்தி வராவிட்டால் முன்னுரையும் வரும், படமும் வரும். உன் வார்த்தை ஒரு பக்கம், அவள் வலது கை மறுபக்கம். எதிரெதிரே வைத்து ஒட்டியிருக்கிறேன். ஊர் சிரிக்கட்டும். எனக்கு வேலை போனாலும் போகட்டும். உன் பொய்யை என் கையால் மறைத்துவைக்க என்னால் முடியாது.

அக்கா


18 ஏப்ரல் 1994

அக்கா,

நான் தந்தி கொடுக்கவில்லை. கொடுக்கப் போனேன். தபால் நிலையத்தில் வரிசையில்கூட நின்றேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. முன்னுரை இருக்கட்டும், படம் சரியாக வரட்டும், பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துக் கேட்பார்கள், மேடம் பதில் சொல்லிக்கொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டியதே இருக்காது. அப்படி நினைத்ததும் வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். இதைவிடக் கோழைத்தனமாக நான் எதையும் செய்ததில்லை. நீ என்னை ஏமாளி என்று எழுதினாய், குறைத்துத்தான் எழுதியிருக்கிறாய்.

சனிக்கிழமை புத்தக வெளியீடு. எங்கள் துறையின் பெரிய கூடம். ஆசிரியர்கள், மாணவர்கள், இந்த ஊர் மியூசியத்துக்காரர்கள், பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர், எல்லோரும் வந்திருந்தார்கள். படம் பார்ப்பதுதான் எல்லோருக்கும் தொழில். ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். இதோ இப்போது, இதோ இப்போது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

யாரும் பார்க்கவில்லை, அக்கா. அட்டையைத் தடவினார்கள், முகர்ந்தார்கள், "அச்சு பிரமாதம்" என்றார்கள். மேடம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு பிரதியிலும் அந்த வலது கைக்குப் பக்கத்திலேயே போட்டார். அவரும் பார்க்கவில்லை. விமர்சகர் மேடையேறி, புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, "இந்த இடது கை என்னைத் தூங்க விடலை," என்றார். கூடம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களை மாதிரி ஆவதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? இவர்கள் தருகிற நாற்காலிக்கா அந்த முன்னுரையை எழுதினேன்?

பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தேன். ஆனால் என் வாயில், "எல்லாரும் அட்டையப் பாருங்க. இவ எந்தக் கையால தைக்கிறா?" என்று வந்துவிட்டது.

"இடது கை!" என்றது கூடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, ஒரே குரலில்.

"தலைப்பைப் படிக்காதீங்க. படத்தப் பாருங்க."

முன்வரிசையில் நூலகர் அம்மா மெதுவாகக் கையைத் தூக்கி, ஊசி பிடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் கையைத் தூக்கி, இல்லாத துணியை இல்லாத ஊசியால் தைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும், விமர்சகரும். நீ பார்த்திருக்க வேண்டும்.

மேடம் சட்டென்று எழுந்து மைக்கைப் பிடித்தார். அவருக்கு எவ்வளவு வேகமாக மூளை வேலை செய்கிறது தெரியுமா? "மன்னிக்கணும். அச்சகத்துல படத்தப் புரட்டிப் போட்டுட்டாங்க. பொறுப்பில்லாத ஆளுங்க. யார் செஞ்சதுன்னு விசாரிச்சு நடவடிக்கை எடுக்கச் சொல்றேன். பிரதியெல்லாம் திருப்பி வாங்கிக்கறோம்," என்றார். கூடமும் அப்பாடா என்று கையை இறக்கியது. சிலர் 'ச்சு' கொட்டினார்கள்.

அப்போது எனக்கு வந்த கோபத்தைப் போல என் வாழ்க்கையில் வந்ததில்லை. கிடங்கில் வந்தது என் ஆய்வேட்டுக்காக, என் இரண்டு வருஷத்துக்காக வந்த கோபம். இது அப்படி இல்லை. இவர்கள் யாரும் போய்ப் பார்க்காத படத்தை, போய்ப் பார்க்காமலே சரியாகப் போட்டவள் நீ. உன்னைப் போய்ப் பொறுப்பில்லாத ஆள் என்கிறார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அச்சகத்துல தப்பு நடக்கல," என்றேன். மைக் அவர் கையில் இருந்ததால் கத்தித்தான் சொன்னேன். "இத்தன வருஷத்துல இந்தப் படம் இப்பதான் மொத தடவ சரியா வந்திருக்கு. புரட்டினது எங்க அக்கா. இவ வலது கையாலதான் தைக்கிறா. நான் நேர்ல பாத்தேன். மேடம் பாக்கல. உள்ள முன்னுரையில இடது கையப் பாத்தேன்னு நான் எழுதியிருக்கறது பொய். வேலைக்காக எழுதினேன்."

உன்னைக் கேட்காமல் உன் பேச்சை எடுத்துவிட்டேன். முதலாளி காதுக்கு இந்நேரம் வந்திருக்கும். அவர் உன்னை ஏதாவது சொன்னால் உடனே எழுது, நான் வந்து அவர் முன் நிற்கிறேன்.

மேடம் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை காலையில், அதாவது இன்று, நேர்முகத் தேர்வுக்கு நான் வர வேண்டியதில்லை என்று துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஆய்வேட்டுக்கு வேறு வழிகாட்டி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். இதுவரை யாரும் முன்வரவில்லை. நூலகர் அம்மா மட்டும், புத்தகம் தேவைப்பட்டால் கேள் என்று சொன்னார். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். இப்போது தேவலை.

இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நிறுத்தி, நான் எழுதியது பொய் என்று என் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சொல்லும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் தங்கை